பாலத்துப் படி இறங்கும் முழங்கால்: தண்ணீர், தைலம், டேப்

மாட்டுங்கா, தாதர், சயான், செம்பூர் என்று எந்த ஸ்டேஷனில் இறங்கினாலும் மும்பைக்காரருக்கு அடுத்த வேலை பாலம் ஏறி இறங்குவதுதான். முழங்கால் தேய்ந்தவர்களைக் கேட்டால், "ஏறுவதை எப்படியோ சமாளிச்சிடறேன், இறங்கும்போதுதான் உயிர் போகுது" என்பார்கள். தாராவியில் செங்குத்தான இரும்பு ஏணியில் மாடிக்குப் போய்வருபவர்களும், செட்டா நகர் முருகன் கோயில் படிகளைக் கிருத்திகைதோறும் ஏறுபவர்களும் சொல்வது இதே சொல்தான். இது மனப்பிரமை இல்லை. இறங்குவது உண்மையிலேயே கடினமான வேலை.

படி இறங்கும்போது கீழே வைக்கப்போகும் காலுக்கு அதிக வேலை இல்லை. மேல் படியில் மடங்கி நிற்கும் கால்தான் முழு உடம்பையும் மெதுவாகத் தாழ்த்தி இறக்குகிறது. அப்போது தொடையின் முன்பக்கத் தசை நீண்டுகொண்டே பிரேக் பிடிக்கிறது. அந்தப் பிடி முழங்கால் சில்லை அதன் பின்னால் இருக்கும் எலும்போடு சேர்த்து அழுத்துகிறது. சமதளத்தில் நடக்கையில் அந்த அழுத்தம் உடல் எடையில் ஏறக்குறைய பாதி. படியில் மூன்று மடங்குக்கு மேல். குந்தி உட்காரும்போது ஏழு மடங்கு வரை போகும் என்பது பிசியோதெரபிப் பாடங்களில் நெடுநாளாக இருக்கும் கணக்கு. 65 கிலோ எடையுள்ளவர் பாலம் இறங்கும்போது சில்லுக்குப் பின்னால் 200 கிலோவுக்கு மேல் அழுத்தம் விழுகிறது.

தொடைத்தசையும் இடுப்புத் தசையும் வலுவாக இருந்தால் மூட்டு இந்தச் சுமையை எளிதாகத் தாங்கும். எனவே தேய்மான வலிக்கு அந்தத் தசைகளை வலுப்படுத்தும் பயிற்சியே இலையில் சோறு. தண்ணீர்ப் பயிற்சி, மசாஜ், தோலில் ஒட்டும் டேப் மூன்றும் தொடுகறி. தொடுகறி இல்லாமல் பலருக்குச் சோறு இறங்காது என்பதும் உண்மை, தொடுகறி மட்டும் தின்று பசியாறாது என்பதும் உண்மை. இந்த மூன்றையும் எப்படிச் செய்வது, எங்கே தவறுகிறது, எப்போது நிறுத்துவது என்பதை விவரமாக எழுதிவைக்கிறேன். மருத்துவர் பார்த்து, இது தேய்மானம் அல்லது சில்லு வலிதான் என்று உறுதிசெய்த மூட்டுகளுக்கு மட்டுமே இது பொருந்தும். காய்ச்சலோடு சேர்ந்து வீங்கிய மூட்டு, மடக்கவோ நீட்டவோ முடியாமல் பூட்டிக்கொண்ட மூட்டு, விழுந்த பிறகு கால் ஊன்றவே முடியாத நிலை, இரவில் படுத்தாலும் விடாத வலி ஆகியவற்றுக்கு முதலில் மருத்துவமனை.

மும்பைக்கும் இந்தச் சிகிச்சைக்கும் பழைய தொடர்பு உண்டு. போலியோ குழந்தைகளின் கால்களை முடக்கிக்கொண்டிருந்த 1950களின் தொடக்கத்தில், இந்தியாவின் முதல் பிசியோதெரபிப் பள்ளி பரேல் கே.இ.எம். மருத்துவமனையில்தான் தொடங்கியது. ஹாஜி அலி அருகே உள்ள அகில இந்திய உடல் மருத்துவ மறுவாழ்வு நிறுவனம் 1955 முதல் இயங்கிவருகிறது. தண்ணீர்ச் சிகிச்சை பெயர்பெற்றதிலும் போலியோவுக்குப் பங்கு உண்டு. போலியோ என்று கண்டறியப்பட்டுக் கால் செயலிழந்திருந்த ரூஸ்வெல்ட் 1924இல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்து வெந்நீர் ஊற்றுகளுக்குப் போய், நிலத்தில் தூக்க முடியாத கால் தண்ணீரில் அசைவதை உணர்ந்தார். பின்னாளில் அவர் அமெரிக்க அதிபரானார். அந்த இடமோ போலியோ நோயாளிகளின் மறுவாழ்வு மையமாக வளர்ந்தது.

கால் ஏன் தண்ணீரில் அசைகிறது என்பதைப் புரிந்துகொண்டால் எந்த ஆழத்தில் நிற்பது என்ற கேள்விக்கும் விடை கிடைத்துவிடும். இடுப்பெலும்பு முனை வரை தண்ணீரில் நின்றால், காலில் விழும் எடை ஏறக்குறைய பாதியாகக் குறைகிறது. மார்புக்குழி வரை நின்றால் மூன்றில் ஒரு பங்குதான் விழும், பெண்களுக்கு அதைவிடச் சற்றுக் குறைவு. கழுத்தளவு தண்ணீரில் பத்தில் ஒரு பங்குகூட மிஞ்சாது. 70 கிலோ மனிதர் ஒருவர் இடுப்பளவில் 35 கிலோவாகவும், மார்பளவில் 23 கிலோ அளவிலும், கழுத்தளவில் 6 கிலோவாகவும் ஆகிறார். இது அசையாமல் நிற்கும்போதுள்ள கணக்கு. நடந்தால் கூடும், வேகமாக நடந்தால் இன்னும் கூடும்.

குளத்தின் விளிம்பில் '4 அடி' என்று எழுதியிருப்பதைப் பார்த்து எல்லோரையும் அங்கே நிறுத்துவது அடிக்கடி நடக்கும் தவறு. 5 அடி 7 அங்குல உயரமுள்ள ஆணுக்கு அது மார்புக்குழி அளவு, தொடக்கத்துக்கு மிகச் சரியான இடம். 4 அடி 11 அங்குலம் உள்ள பெண்ணுக்கோ அதே 4 அடி தோளை நெருங்கிவிடும். உடம்பு மிதக்கப் பார்க்கும், பாதம் தரையில் பிடிக்காது, அவர் விரல் நுனியில் நடக்கத் தொடங்குவார். பத்து நிமிடத்தில் கெண்டைக்காலில் தசை இழுத்துக்கொள்ளும், இடுப்பு வளைந்து முதுகும் வலிக்கும். பிறகு "தண்ணி எனக்கு ஒத்துக்கல" என்று நின்றுவிடுவார். தண்ணீர் அவருக்கு ஒத்துக்கொள்ளும், ஆழம்தான் ஒத்துக்கொள்ளவில்லை. அவருக்கு மூன்றரை அடி போதும். அவ்வளவு ஆழம் குறைந்த பகுதி இல்லாத குளம் அவருக்கான குளம் இல்லை.

அடுத்தது வெப்பம். சிகிச்சைக்கென்றே கட்டிய தொட்டிகளில் தண்ணீர் 33 முதல் 36 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும். நகராட்சிக் குளங்களில் பொதுவாகத் தண்ணீரைச் சூடேற்றுவதில்லை. ஏப்ரல், மே மாதங்களில் அதனால் குறையில்லை. ஜனவரிக் காலையில் மூட்டு இறுகிவிடும். முடக்குவாதக்காரர்களுக்கு அந்தத் தண்ணீர் ஆகவே ஆகாது, அவர்கள் வெந்நீர்த் தொட்டி உள்ள மையத்துக்குத்தான் போக வேண்டும். தேய்மான வலிக்காரர்கள் குளிர்ந்த தண்ணீரில் இறங்கியதும் நின்று பேசிக்கொண்டிருக்காமல் முதல் எட்டு நிமிடம் விடாமல் நடக்க வேண்டும். அரை மணிக்கு மேல் வேண்டாம். நடுக்கம் வந்தால் அன்றைக்குப் போதும். நகராட்சிக் குளத்தில் சேர மருத்துவச் சான்று கேட்பார்கள். அதை வெறும் காகிதச் சடங்காக எண்ணாமல், அந்தச் சாக்கில் ரத்த அழுத்தத்தையும் இதயத்தையும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

இதயத்தை ஏன் இழுக்கிறேன் என்றால், தண்ணீர் எல்லாப் பக்கமும் அழுத்துகிறது. 4 அடி ஆழத்தில் பாதத்தைச் சுற்றியுள்ள தண்ணீரின் அழுத்தம் 90 மில்லிமீட்டர் பாதரச அளவு. எந்த இறுக்கமான காலுறையும் தராத அழுத்தம் அது. கணுக்கால் வீக்கம் குளத்தில் இருக்கும்போதே வடிவது இதனால்தான். ஆனால் காலிலிருந்து விரட்டப்பட்ட ரத்தம் மார்புக்கு ஏறுகிறது. கழுத்தளவு தண்ணீரில் சுமார் 700 மில்லி ரத்தம் கூடுதலாக மார்புப் பகுதிக்கு வந்துசேரும். நல்ல இதயம் அதைச் சமாளிக்கும், பலவீனமான இதயம் திணறும். தண்ணீரில் இறங்கிய சிறிது நேரத்தில் சிறுநீர் முட்டுவதற்கும் இந்த இடமாற்றமே காரணம். கரையேறும்போது எல்லாம் தலைகீழாகும்: ரத்தம் மீண்டும் காலுக்கு இறங்கும், உடம்பு கல்லாய்க் கனக்கும், தலை சுற்றும். கம்பியைப் பிடித்து மெதுவாக ஏறி, பத்து நிமிடம் உட்கார்ந்து, ஒரு டம்ளர் தண்ணீர் குடித்த பிறகே உடைமாற்றப் போக வேண்டும். வெதுவெதுப்பான தண்ணீரிலும் வியர்க்கிறது. நனைந்த உடம்பில் அது தெரிவதில்லை.

ஆறாத புண், தோல் தொற்று, காய்ச்சல், கட்டுப்பாட்டில் இல்லாத வலிப்பு, கட்டுப்பாட்டில் இல்லாத ரத்த அழுத்தம், அண்மையில் வந்த மாரடைப்பு, காதுச் சவ்வில் ஓட்டை ஆகியவை உள்ளவர்கள் இறங்கக் கூடாது. சர்க்கரை நோயால் பாத உணர்ச்சி குறைந்தவர்கள் ரப்பர் அடியுள்ள நீர்க்காலணி போட்டுக்கொண்டே இறங்க வேண்டும். சொரசொரப்பான ஓடு பாதத்தைத் தேய்த்துப் புண்ணாக்கியது அவர்களுக்கு மறுநாள்தான் தெரியும்.

இனி பயிற்சி. நீச்சல் தெரிய வேண்டியதில்லை. ஆனால் தெரியாதவர் பக்கத்தில் ஒருவர் இருந்தே ஆக வேண்டும். முதலில் முன்னோக்கி நடை, குதிகால் முதலில் பதிய வேண்டும். பிறகு பின்னோக்கி நடை, அதன்பின் பக்கவாட்டு நடை. மூன்றும் சேர்ந்து பத்து நிமிடம். அடுத்து விளிம்பைப் பிடித்துக்கொண்டு காலைப் பக்கவாட்டில் விரித்துச் சேர்ப்பது, முழங்காலை நீட்டியபடி காலை முன்னும் பின்னும் வீசுவது, அரைக்குந்தல், குதிகால் தூக்கி இறக்குவது. ஒவ்வொன்றும் பத்து முதல் பதினைந்து முறை, இரண்டு சுற்று. கடைசி ஐந்து நிமிடம் மெதுவான நடை. வாரத்துக்கு இரண்டு அல்லது மூன்று நாள், ஆறிலிருந்து எட்டு வாரம்.

தண்ணீரில் எடைக்கல் தேவையில்லை, வேகமே எடைக்கல். வேகத்தை இரண்டு மடங்காக்கினால் எதிர்ப்பு நான்கு மடங்காகும். ஆகவே முதல் வாரம் மெதுவாக வீசிய காலையே மூன்றாம் வாரம் வேகமாக வீசினால் பயிற்சி தானே கடினமாகும். உற்சாகத்தில் முதல் நாளே வேகம் காட்டியவர்களுக்கு அன்றிரவு மூட்டு வீங்குவதும் இதே கணக்கால்தான். தண்ணீரில் இருக்கும்போது வலி தெரியாததால் எல்லை மீறியது தெரியாது. அளவுகோல் மறுநாள் காலை. எழுந்ததும் வலி முந்தின நாள் காலையைவிடக் கூடியிருந்தால், அடுத்த முறை எண்ணிக்கையில் மூன்றில் ஒரு பங்கைக் குறைக்க வேண்டும்.

தேய்மானத்துக்குத் தண்ணீர்ப் பயிற்சி தரும் பலன் சிறியது, ஆனால் உண்மையானது. வலி கொஞ்சம் குறையும், நடை கொஞ்சம் எளிதாகும், அதுவும் பயிற்சி நடக்கும் காலத்தை ஒட்டியே. இதற்கு ஒரு காரணம் தண்ணீரின் இயல்பிலேயே இருக்கிறது. இதைப் போதுமான அளவு யாரும் சொல்வதில்லை. நிலத்தில் குந்தும்போது ஈர்ப்பு விசை நம்மைக் கீழே இழுக்கிறது, தொடைத்தசை நீண்டுகொண்டே பிரேக் பிடிக்கிறது. தண்ணீரில் நம்மைக் கீழே இழுக்கும் எடை அவ்வளவாக இல்லை, மிதப்பு தாங்கிக்கொள்கிறது. காலை முன்னால் தள்ளினாலும் பின்னால் தள்ளினாலும் தசை சுருங்கித்தான் வேலை செய்கிறது. நீண்டுகொண்டே தாங்கும் வேலை அதற்கு மிகக் குறைவாகவே கிடைக்கிறது. பாலம் இறங்குவதற்கு வேண்டியதோ அந்த வேலைதான். எட்டு வாரம் குளத்துக்குப் போய்ச் சமதளத்தில் நன்றாக நடப்பவர், பாலத்தில் இறங்கும்போது மட்டும் பழையபடி முனகுவதன் காரணம் இது. தண்ணீரில் பெற்றதை நிலத்துக்குக் கொண்டுவரத் தனிப் பயிற்சி வேண்டும். மூன்றாவது, நான்காவது வாரத்திலேயே அதைத் தொடங்கிவிட வேண்டும். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

மசாஜுக்கு வருவோம். நம் வீடுகளில் இதற்குச் சொற்களே பல: தேய்ப்பது, நீவுவது, உருவுவது, பிடித்துவிடுவது. நான்கும் ஒன்றல்ல. பிசியோதெரபியிலும் அந்த வேறுபாடு உண்டு. உள்ளங்கையை முழுதாகப் பதித்துக் கணுக்காலிலிருந்து தொடை நோக்கி நீண்டு வருடுவது முதல் படி. தசையை எலும்பிலிருந்து விலக்கித் தூக்கி, மாவு பிசைவதுபோல் பிசைவது அடுத்தது. தசைநாரின் குறுக்கே விரல் நுனியால் ஒரே இடத்தில் அழுத்தித் தேய்ப்பது மூன்றாவது. இதை ஆங்கிலேய மருத்துவர் சிரியாக்ஸ் பரப்பினார். முதல் இரண்டுக்கும் எண்ணெய் வேண்டும். ஒரு காலுக்கு ஒரு தேக்கரண்டி நல்லெண்ணெயோ தேங்காய் எண்ணெயோ போதும். கை வழுக்கும் அளவுக்கு ஊற்றினால் தசை பிடியில் நிற்காது. மூன்றாவதற்கு எண்ணெய் கூடவே கூடாது, விரலும் தோலும் ஒன்றாக நகர வேண்டும். விரல் மட்டும் நகர்ந்தால் தோல்தான் உரியும்.

முழங்கால் வலிக்கு மூட்டின் மேல் தேய்ப்பதில் பெரிய பலன் இல்லை. வலியால் இறுகிப்போவது தொடையின் முன்பக்கமும் வெளிப்பக்கமும், கெண்டைக்காலும்தான். தொடைக்கு ஐந்து நிமிடம், கெண்டைக்காலுக்கு ஐந்து நிமிடம். வலியைப் பத்துக்கு அளந்தால் ஐந்தைத் தாண்டாத அழுத்தம். "வலிச்சாத்தான் வேலை செய்யுது" என்பது தவறான நம்பிக்கை. வலி கூடினால் தசை தன்னைக் காத்துக்கொள்ள இன்னும் இறுகும். முழங்காலின் பின்பக்கக் குழியில் கட்டைவிரலை அழுத்தவே கூடாது. காலுக்குப் போகும் பெரிய ரத்தக் குழாயும் நரம்பும் அங்கே தோலுக்கு அருகே ஓடுகின்றன. சூடாக வீங்கியிருக்கும் மூட்டுக்கும் கை வைக்கக் கூடாது.

மசாஜ் தேய்ந்த குருத்தெலும்பை வளர்க்காது, 'கெட்ட நீரை' வெளியேற்றாது, 'விலகிய எலும்பை' இடத்தில் உட்காரவைக்காது. அது செய்வது வேறு. தொடு உணர்வு வலியின் ஒலியைத் தாழ்த்துகிறது, தசை தளர்கிறது, தூக்கம் வருகிறது. சில மணி நேரம், சிலருக்கு ஓரிரு நாள் இது நீடிக்கும். அந்த நேரம் சின்னது, ஆனால் மதிப்புள்ளது. தேய்த்துவிட்டுப் படுத்துவிட்டால் அது வீணாகிறது. தேய்த்த அரை மணிக்குள் பயிற்சி செய்தால், வழக்கமாக ஆறாவது முறையில் நிறுத்தவைக்கும் வலி பத்தாவது முறைக்குத்தான் வரும்.

ஒரு எச்சரிக்கையை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். திருநெல்வேலியிலிருந்தோ நாகர்கோவிலிலிருந்தோ ஒரு நாளுக்கு மேல் ரயிலில் கால் தொங்கவிட்டு உட்கார்ந்து வந்த பிறகு, அல்லது அறுவை சிகிச்சைக்குப் பின் பல நாள் படுத்திருந்த பிறகு, ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி, சூடாகி, அழுத்தினால் வலித்தால் அதைத் தேய்க்கக் கூடாது. ஆழத்து ரத்தக் குழாயில் ரத்தம் உறைந்திருக்கலாம். தேய்த்தால் அந்த உறைகட்டி நகர்ந்து நுரையீரலுக்குப் போய் உயிரையே எடுக்கலாம். வீட்டில் அன்போடு எண்ணெயை எடுத்து வருபவர்களைத் தடுத்து, அன்றே மருத்துவமனைக்குக் கூட்டிப்போக வேண்டும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு ஆழமான பிசைதல் வேண்டாம், உள்ளே ரத்தம் கட்டிவிடும். சர்க்கரை நோயாளிக்கு எண்ணெய் தேய்த்த பின் சுடுதண்ணீர் ஊற்றுபவர், அந்தத் தண்ணீரின் சூட்டைத் தம் முழங்கையால் பார்க்க வேண்டும். நோயாளியின் பாதம் சொல்லும் சூட்டை நம்பக் கூடாது.

டேப் இரண்டு வகை. நீளாத வெள்ளைப் பட்டை ஒன்று. வண்ண வண்ணமாக வரும், இழுத்தால் நீளும் பருத்திப் பட்டை மற்றொன்று. இரண்டாவதை 1970களில் ஜப்பானியரான கென்சோ காசே உருவாக்கினார். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் விளையாட்டு வீரர்களின் தோளிலும் முழங்காலிலும் உலகம் அதைப் பார்த்த பிறகுதான் நம் ஊர் மருந்துக்கடைகள் வரை வந்தது. பொதுவாக 5 செ.மீ. அகலம், 5 மீட்டர் சுருள். நிறத்துக்கும் பலனுக்கும் தொடர்பே இல்லை. கறுப்பு வலுவானது, நீலம் குளிர்ச்சியானது என்பதெல்லாம் பேச்சுதான்.

முழங்கால் சில்லு வலிக்கு எனக்கு நம்பிக்கை உள்ளது நீளாத பட்டையில்தான். ஆஸ்திரேலியப் பிசியோதெரபிஸ்ட் ஜென்னி மக்கானெல் 1980களில் வகுத்த முறை இது. முதலில் சோதனை: 15 முதல் 20 செ.மீ. உயரப் படியில் இறங்கிப் பார்த்து வலிக்குப் பத்துக்கு எத்தனை என்று எண் கொடுக்க வேண்டும். பிறகு கால் நீட்டி உட்கார்ந்து தொடையைத் தளர்த்த வேண்டும். தொடை இறுகியிருந்தால் சில்லு அசையாது, ஒட்டும் வேலை முழுவதும் பாழ். தோலைக் காக்கும் மெல்லிய வெள்ளை ஒட்டுத்துணியைச் சில்லின் வெளி ஓரத்திலிருந்து முழங்காலின் உட்பக்கம் வரை இழுக்காமல் ஒட்ட வேண்டும். அதன்மேல் நீளாத பட்டையின் நுனியைச் சில்லின் வெளி ஓரத்தில் பதித்து, கட்டைவிரலால் சில்லை மெல்ல உட்பக்கம் தள்ள வேண்டும். மற்றக் கையால் உட்பக்கத் தசைப்பற்றைச் சில்லை நோக்கிக் கூட்டிப்பிடித்துக்கொண்டு பட்டையை இழுத்து ஒட்ட வேண்டும். உட்பக்கத்தில் தோல் மடிப்பு மடிப்பாகத் தெரிந்தால் சரியாக ஒட்டியிருக்கிறது. சில்லின் நடுவே பட்டை அழுத்தினால் வலி கூடும்.

உடனே அதே படியில் மீண்டும் இறங்க வேண்டும். வலி பாதியாவது குறைந்திருக்க வேண்டும். குறையாவிட்டால் கழற்றி இழுப்பை மாற்றி ஒட்டலாம். இரண்டாம் முறையும் குறையாவிட்டால் அந்த மூட்டுக்கு டேப் உதவாது என்று விட்டுவிடலாம். இந்தச் சோதனையைச் செய்யாமல் வாரக்கணக்கில் ஒட்டிக்கொண்டிருப்பதே மிகுதி. சில்லு நிரந்தரமாக இடம் மாறிவிடுகிறது என்று நினைக்க வேண்டாம், கொஞ்ச நேரப் பயிற்சியிலேயே அது பழைய இடத்துக்குத் திரும்பிவிடுகிறது. தோல் வழியாகப் போகும் உணர்வும், தசை வேலை செய்யும் விதத்தில் வரும் மாற்றமும்தான் வலியைக் குறைப்பதாகத் தெரிகிறது. பயிற்சிக்கும் பயணத்துக்கும் போட்டுக்கொண்டு இரவில் கழற்றிவிட வேண்டும்.

நீளும் பட்டையின் பலன் இதைவிடக் குறைவு. ஆனால் மூன்று முதல் ஐந்து நாள் உடம்பில் இருக்கும், குளத்திலும் இறங்கலாம் என்பதால் பலர் இதையே விரும்புகிறார்கள். 25 செ.மீ. நீளத்தில் இரண்டு துண்டு, முனைகளை வட்டமாக வெட்ட வேண்டும். கூர்முனை துணியில் மாட்டி உரிந்துவிடும். முழங்காலை நன்றாக மடக்கி, சில்லின் இருபுறமும் அடைப்புக்குறிபோல் ஒட்ட வேண்டும். இரு முனைகளிலும் 4 செ.மீ.க்கு இழுப்பே கூடாது. நடுப்பகுதியில் மட்டும் கால்வாசி இழுப்பு. ஒட்டியபின் உள்ளங்கையால் ஒரு நிமிடம் தேய்த்தால் அந்தச் சூட்டில் பசை பிடிக்கும். கொப்புளம் வருபவர்களில் பெரும்பாலோருக்கு அது பட்டையின் முனையில்தான் வருகிறது, முனையை இழுத்து ஒட்டியதே காரணம். முதல்முறை போடுபவர்கள் முந்தின நாளே ஒரு சிறு துண்டைத் தொடையில் ஒட்டி 24 மணி நேரம் அரிப்பு வருகிறதா என்று பார்க்க வேண்டும். வயதானவர்களின் மெல்லிய தோலுக்கும், நெடுநாள் ஸ்டீராய்டு எடுப்பவர்களின் தோலுக்கும் இந்த டேப்பே வேண்டாம்.

மும்பையில் டேப் நிற்பதில்லை என்ற புகார் உண்மை. ஜூன் முதல் செப்டம்பர் வரை காற்றே ஈரம், அதோடு வியர்வை, அதோடு லோக்கல் ரயில் நெரிசலில் உரசல். குளித்தவுடன் ஒட்டக் கூடாது. மின்விசிறியின் கீழ் இருபது நிமிடம் உட்கார்ந்து தோலை உலரவிட்டு, ஸ்பிரிட் தோய்த்த பஞ்சால் துடைத்து, முடியைக் கத்தரித்து, வெளியே கிளம்ப ஒரு மணி நேரம் முன்பே ஒட்டிவிட வேண்டும். நனைந்தால் துண்டால் ஒற்றி எடுக்க வேண்டும். ஹேர் டிரையர் காட்டினால் பசை இன்னும் இறுகி, கழற்றும்போது தோலோடு வரும். கழற்றும்போது பட்டையைப் பிய்க்காமல், முனையில் தேங்காய் எண்ணெய் தடவி ஐந்து நிமிடம் விட்டு, தோலைக் கீழே அழுத்திக்கொண்டு முடி வளரும் திசையில் சுருட்டி எடுக்க வேண்டும்.

தேங்காய் எண்ணெய் டேப்பைக் கழற்றும் என்பதிலேயே இன்னொரு செய்தி இருக்கிறது. காலையில் தைலம் தேய்த்துவிட்டு மாலையில் டேப் ஒட்டினால் நிற்காது. டேப் இருக்கும் நாட்களில் எண்ணெய் கிடையாது. டேப்பைக் கழற்றிய நாளில் தோலுக்கு ஓய்வும் எண்ணெயும் தரலாம்.

முழங்காலை விட்டுச் சற்று விலகிக் குதிகால் வலியையும் இங்கே சொல்லிவிடுகிறேன். தாராவியிலிருந்து விடிகாலையில் இட்லிப் பாத்திரத்தோடு கிளம்பி நகரமெங்கும் நடக்கும் வியாபாரிகளுக்கும், மாட்டுங்கா பூக்கடைகளில் நாள் முழுதும் நிற்பவர்களுக்கும் இது அதிகம். காலையில் முதல் அடி வைக்கும்போது குதிகாலில் ஊசி குத்துவதுபோல் இருந்தால் பெரும்பாலும் பாதத்தின் அடிநார் வலிதான். நீளாத பட்டையை, சுண்டுவிரல் அடி முட்டியில் தொடங்கிக் குதிகாலைச் சுற்றிப் பெருவிரல் அடி முட்டிக்குக் கொண்டுவந்து ஒட்டி, அதற்கு முட்டுக்கொடுப்பதுபோல் மூன்று நான்கு பட்டைகளை உள்ளங்காலின் கீழ் வெளிப்பக்கத்திலிருந்து உட்பக்கம் நோக்கி இழுத்து ஒட்டினால், அந்த வாரம் நடக்க முடியும். பாதத்தைச் சுற்றி முழு வளையமாக மட்டும் ஒட்டக் கூடாது. மாலையில் பாதம் வீங்கும்போது அது இறுக்கும். எந்த டேப் போட்டாலும், எந்தக் கட்டுப் போட்டாலும், புத்தூர்க் கட்டானாலும், விரல் நகத்தை அழுத்தி விட்டுப் பார்க்க வேண்டும். வெளுத்த நகம் இரண்டு நொடிக்குள் சிவக்க வேண்டும். சிவக்காவிட்டால், அல்லது விரல் மரத்து, நீலமாகி, வலி ஏறிக்கொண்டே போனால், யார் போட்ட கட்டானாலும் அந்த நிமிடமே தளர்த்திவிட்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இப்போது அந்த நிலத்துப் பயிற்சி. முதலில் நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுந்து உட்காருவது. எழும்போது ஒரு நொடி, உட்காரும்போது மூன்று நொடி. உட்காரும் அந்த மூன்று நொடியில்தான் தொடைத்தசை நீண்டுகொண்டே தாங்குகிறது, பொத்தென்று விழுந்தால் பயிற்சியே நடக்கவில்லை. எட்டு முறை, மூன்று சுற்று, ஒருநாள் விட்டு ஒருநாள். நாற்காலி தாழ்வாக இருந்தால் மேலே ஒரு தலையணை. இது எளிதானதும் 10 செ.மீ. உயரப் பலகையில் வலிக்கும் காலால் நின்று, சுவரை ஒரு விரலால் தொட்டுக்கொண்டு, மற்றக் காலின் குதிகாலை மூன்று நொடியில் தரைவரை தாழ்த்தித் தொட்டு ஏற வேண்டும். முழங்கால் உட்பக்கம் சாயக் கூடாது, இரண்டாவது கால்விரலுக்கு நேராக இருக்க வேண்டும். சாய்ந்தால் இடுப்பின் பக்கத் தசை பலவீனம். அதற்கு ஒருக்களித்துப் படுத்து மேல் காலைத் தூக்கும் பயிற்சியைச் சேர்க்க வேண்டும். பயிற்சியின்போது வலி பத்துக்கு மூன்று வரை இருக்கலாம், மறுநாள் காலைக்குள் பழைய நிலைக்கு வந்துவிட வேண்டும்.

டேப் ஒட்டி வலி குறைந்த நேரத்தில் இந்தப் பலகைப் பயிற்சியைச் செய்வதுதான் டேப்பின் முழுப் பயன். வாரத்தில் குளத்துக்குப் போகும் இரண்டு நாள் போக, மூன்று நாள் இதற்கு. பலகை 10 செ.மீ.யிலிருந்து 15க்கு ஏறி, அதில் பத்து முறை மூன்று சுற்று வலியில்லாமல் வந்ததும், டேப்பை முதலில் வீட்டுப் பயிற்சியிலிருந்து எடுக்கலாம், பிறகு பயணத்திலிருந்து.

அதுவரை பாலத்தில் ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வலிக்கும் கால் முதலில், ஒரு படிக்கு இரண்டு பாதமும் வைத்து. கைப்பிடி ஓரமாகவே இறங்க வேண்டும். ரயில் வந்து கூட்டம் கொட்டும் அந்த இரண்டு நிமிடம் மேலேயே ஒதுங்கி நின்றுவிடலாம். மாற்றி மாற்றிக் கால் வைத்து இறங்குவதை முதலில் கூட்டமில்லாத ஞாயிற்றுக்கிழமைக் காலையில் பழகலாம். மழை பிடித்துவிட்டால் மூட்டு எவ்வளவு தேறியிருந்தாலும் கைப்பிடியை விட வேண்டாம், அந்தப் படிகள் அக்டோபர் வரை வழுக்கும்.